கேட்டு வாங்கிய இசை: டேவிட் ஸ்டாரோபினும் அமெரிக்கக் கிதாரும்

1983 டிசம்பர் 11. நியூயார்க்கில் 92ஆவது தெருவில் இருக்கும் ஒய் அரங்கம். இசையமைப்பாளர் எலியட் கார்ட்டருக்கு அன்றோடு 75 வயது நிறைகிறது. இரண்டு முறை புலிட்சர் பரிசு பெற்றவர் அவர். இரண்டு பரிசும் நான்கு பேர் வாசிக்கும் தந்தி வாத்தியக் குழுவுக்கு எழுதிய படைப்புகளுக்காகக் கிடைத்தவை. அன்று மேடையில் இருந்தது அப்படிப்பட்ட குழு அல்ல. முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வருடமே ஆன டேவிட் ஸ்டாரோபின் ஒரு கிதாரோடு உட்கார்ந்து, ஏழு நிமிடத்தில் முடியும் ஒரு படைப்பை முதன்முறையாக வாசித்தார். பெயர் ‘சேஞ்சஸ்’.

கார்ட்டர் தனிக் கிதாருக்கு எழுதிய முதல் படைப்பு அது. கிதார் அவருக்குப் புதிதல்ல. 1938இலேயே ஷேக்ஸ்பியர் வரிகளுக்குக் குரலும் கிதாரும் சேர்ந்த ஒரு சின்னப் பாட்டு எழுதியிருக்கிறார். 1978இல் எழுதிய ‘சிரிங்கா’வில் இரண்டு பாடகர்களோடு கிதாருக்கும் முக்கியமான இடம் உண்டு. ஆனால் கிதாரை மட்டும் தனியாக உட்கார வைத்து எழுத, எழுத்து வாழ்க்கையில் ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது. ஏன் இத்தனை தாமதம்? 1983இல் எது மாறியது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் கார்ட்டரிடம் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி ஸ்டாரோபினிடம்.

அமெரிக்கா இல்லாத அமெரிக்கக் கச்சேரி

இருபதாம் நூற்றாண்டில் செவ்வியல் கிதாரைப் பெரிய அரங்குகளுக்குக் கொண்டுபோனவர் ஸ்பெயின் நாட்டு ஆந்த்ரேஸ் செகோவியா. 1928இல் நியூயார்க்கில் முதன்முதலாக வாசித்தார். ஸ்டாரோபின் ‘சேஞ்சஸ்’ வாசித்த அந்த டிசம்பரிலும், 90 வயதில், கச்சேரி செய்துகொண்டுதான் இருந்தார். எத்தனை நீண்ட நிழல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செகோவியா நிறையப் பேரிடம் கேட்டு எழுதி வாங்கியவர். ஸ்பெயினில் துரினா, தொரோபா, மெக்சிகோவின் போன்செ, இத்தாலியின் காஸ்தெல்நுவோ-தெதெஸ்கோ, போலந்துக்காரர் தான்ஸ்மன், பிரேசிலின் வில்லா-லோபோஸ். இன்று எந்தக் கிதார் மாணவரும் இவர்களைக் கடக்காமல் வரமுடியாது. ஆனால் அவருடைய காது ஓர் எல்லையோடு நின்றுவிட்டது. மெட்டு கைக்குப் பிடிபட வேண்டும், சுருதிக்குத் திரும்பி வர ஒரு வீடு வேண்டும். அதைத் தாண்டிய எதையும் அவர் தொடவில்லை. சுவிட்சர்லாந்தின் ஃபிராங்க் மார்ட்டின் 1933இல் அவருக்காக நான்கு சிறு படைப்புகள் எழுதினார். செகோவியா அவற்றை வாசிக்கவே இல்லை. தன் எழுத்து கிதாருக்கு ஒத்துவரவில்லை போலும் என்று நினைத்த மார்ட்டின், அதையே பியானோவுக்கும் இசைக்குழுவுக்கும் மாற்றி எழுதிக்கொண்டார். பல வருடம் கழித்து இங்கிலாந்தின் ஜூலியன் பிரீம் எடுத்து வாசித்த பிறகுதான் அவை கிதாருக்குத் திரும்பின. இன்று அவை அந்த நூற்றாண்டின் முக்கியமான கிதார் படைப்புகளில் சேர்த்தி.

என்னைப் பொறுத்தவரை இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் ஸ்டாரோபினைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு வாசிப்பவர் பேசாமல் இருந்துவிட்டால், ஓர் இசையமைப்பாளர் தன்னையே சந்தேகிக்கத் தொடங்குகிறார். தவறு எழுத்தில் என்று எண்ணிக்கொள்கிறார்.

அமெரிக்காவுக்கு வருவோம். புளூஸ், கன்ட்ரி, ராக் என்று அந்த நாட்டின் எந்த மூலையில் பார்த்தாலும் கிதார்தான். ஆனால் கச்சேரி அரங்குக்கு எழுதிய பெரிய பெயர்களை எடுத்தால் நிலைமை வேறு. ஆரன் கோப்லாண்ட் தனிக் கிதாருக்கு ஒன்றும் எழுதவில்லை. சாமுவேல் பார்பரும் எழுதவில்லை. அமெரிக்கச் செவ்வியல் கிதார் கலைஞர் மேடையேறினால் வாசித்ததில் பெரும்பகுதி ஸ்பெயினும் லத்தீன் அமெரிக்காவும்தான். நவீன இசையின் ஐரோப்பிய முன்னோடிகள் கிதாரை ஒதுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஷோன்பெர்க்கின் ‘செரனேட்’, வெபர்னின் சில பாடல்கள், பூலேஸின் ‘லெ மார்த்தோ சான் மேத்ர்’ எல்லாவற்றிலும் கிதார் உண்டு. ஆனால் அங்கெல்லாம் அது குழுவில் ஒரு நிறம். தனியாக நின்று பேசும் ஆள் அல்ல.

பெர்லியோஸ் சொன்ன எச்சரிக்கை

இதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. கிதார் வாசிக்கத் தெரியாதவர் கிதாருக்கு நன்றாக எழுதுவது ஏறக்குறைய முடியாத காரியம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தன் வாத்திய நூலில் எழுதிவைத்தவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ். அவரே கிதார் வாசிப்பவர், ஆகவே தெரிந்துதான் சொன்னார்.

எளிய உதாரணம் ஒன்று. கிதாரின் ஆறாவது தந்தி, அதாவது மிகவும் தடித்த தந்தி, திறந்த நிலையில் ‘இ’ சுரம். ஐந்தாவது தந்தி ‘ஏ’. இந்த இரண்டுக்கும் நடுவில் வரும் சுரங்கள் ஆறாவது தந்தியில் மட்டும்தான் கிடைக்கும், வேறு எங்கும் கிடையாது. ஒரு தந்தியில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். ஆக அந்தக் கடைசி ஐந்து சுரங்களில் எந்த இரண்டையும் சேர்த்து ஒலிக்க முடியாது. பியானோவில் இது குழந்தை விளையாட்டு. காகிதத்தில் எழுதும்போதும் ஒன்றும் உறைக்காது. வாசிப்பவர் கையில் வந்ததும்தான் ‘இது நடக்காது’ என்று தெரியும்.

நேர்மாறான சிக்கலும் இருக்கிறது. மிகவும் மெல்லிய முதல் தந்தியின் திறந்த ‘இ’யை இரண்டாவது தந்தியின் 5ஆம் ஃபிரெட்டில் (கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கட்டை ஃபிரெட் என்பார்கள்) வாசிக்கலாம், மூன்றாவதின் 9இல், நான்காவதின் 14இல். சுருதி ஒன்றுதான், குரல் நான்கு. திறந்த தந்தியில் கண்ணாடி மாதிரி மினுங்கும். நான்காவதில் இருட்டாக, தொண்டைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். இசைப்பிரதியில் ஒரே புள்ளி. எதை எடுப்பது என்பது இடது கையின் நான்கு விரல் அந்த நொடியில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அப்புறம், ஒலி. மீட்டிய கணத்தில் பிறந்த சுரம் அடுத்த கணத்திலிருந்து தேயத் தொடங்கிவிடும். வயலின் மாதிரி இழுத்துப் பெருக்க வழியில்லை. பெரிய குழுவோடு வைத்தால் காணாமல் போய்விடும். இத்தனை வில்லங்கத்தைத் தெரிந்துகொண்டு ஓர் இசையமைப்பாளர் இந்தக் கருவி பக்கம் வரவேண்டுமானால், பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் காட்ட ஓர் ஆள் வேண்டும். எழுதியதைப் பார்த்து முகம் சுளிக்காத ஆளாகவும் இருக்க வேண்டும்.

ஆள் யார்

ஸ்டாரோபின் 1951இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஏழு வயதில் போர்ட்டோ ரிக்கோ கிதார் கலைஞர் மானுவேல் காயோலிடம் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். பிறகு பால்டிமோரின் பீபடி இசைக்கல்லூரியில் ஆரன் ஷியரரிடம் படித்தார். விரல் அசைவை வெறும் வழக்கமாக ஏற்காமல், ஏன் எப்படி என்று யோசித்து முறைப்படுத்திய ஆசிரியராக ஷியரரை அமெரிக்கக் கிதார் உலகம் அறியும்.

ஸ்டாரோபின் புதிய இசை மட்டும் வாசித்தவர் அல்ல. ஜூலியானி, சோர், ரெகோந்தி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிதார் இசையிலும் ஊறியவர். ரெகோந்தியின் இசையைப் பதிவு செய்து திரும்ப வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. இது பக்கத்துத் தகவல் போலத் தெரியலாம். ஆனால் நடுவில் இருந்த செகோவியா காலத்தை அவர் பெரும்பாலும் தாண்டிக் குதித்தார் என்பதே எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. தாத்தா வீட்டுக்கும் பேரன் வீட்டுக்கும் போய்வந்தார். அப்பா வீட்டில் அதிகம் தங்கவில்லை.

ஏழு நிமிடத்துக்குள்

‘சேஞ்சஸ்’ என்ற பெயரில் இரண்டு மூன்று அர்த்தம் ஒளிந்திருக்கிறது. மாற்றங்கள் என்பது வெளிப்படை. இங்கிலாந்துத் தேவாலயங்களில் மணிகளை ஒரு வரிசையில் அடித்து, அந்த வரிசையைக் கணக்குப்படி மாற்றிக்கொண்டே போகும் ஒரு பழக்கம் உண்டு. அதற்கும் இதே சொல்தான். ஜாஸ் வாசிப்பவர்கள் ஒரு பாட்டின் சுரக்கோவை (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) வரிசையைக் குறிப்பதற்கும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துவார்கள்.

கார்ட்டரின் இசைக்கு ஒரு குணம் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஆட்கள் தங்கள் தங்கள் வேகத்தில் பேசிக்கொண்டிருப்பது போல எழுதுவார். ஒருவர் படபடவென்று, ஒருவர் நிதானமாக, ஒருவர் நடுவில் வெட்டிக்கொண்டு. ஒரு தாள அளவிலிருந்து இன்னொன்றுக்கு, நடுவில் ஒரு பொதுவான துடிப்பை வைத்து வழுக்கிப் போவார். நான்கு பேர் வாசிக்கும் குழுவில் இதைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒற்றைக் கிதாரில்?

அங்கேதான் கருவியின் குறை அவருக்கு வசதியாக மாறியது என்று நான் நினைக்கிறேன். ஒரே சுரத்துக்கு நான்கு குரல் இருக்கிறது என்று பார்த்தோம். கையைத் தந்திகள் கட்டியிருக்கும் பாலத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒலி உலோகமாகும், துளைக்கு மேலே வந்தால் பஞ்சாகும். தந்தியின் நடுவில் விரலை மெல்லத் தொட்டு மீட்டினால் மணி மாதிரி ஒரு துணைச்சுரம் எழும். நகங்களால் வரிசையாக விசிறினால் சரசரவென்று இறங்கும். ஆக நான்கு வாத்தியம் இல்லையே தவிர, நான்கு பாத்திரம் இருக்கிறது. ‘சேஞ்சஸ்’ இந்தப் பாத்திரங்களுக்கிடையே பாதரசம் போல ஓடுகிறது. சீறுகிறது, அடுத்த நொடி கனவு காண்கிறது, திடீரென்று துள்ளுகிறது. கீழே ஓடும் சுரக்கோவைகளின் ஒழுங்கு மட்டும் மாறாமல் எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கிறது.

இந்தப் படைப்பை ஸ்டாரோபினுக்காக எழுதியதாகவும், கிதார் பகுதியைச் செம்மைப்படுத்த அவர் உதவியதாகவும் கார்ட்டரே குறிப்பிட்டிருக்கிறார். ‘உதவி’ என்ற சொல்லைச் சுலபமாகக் கடந்துவிடக் கூடாது. எந்தச் சுரக்கோவை கையில் விழும், எது விழாது. விழாததில் எந்தச் சுரத்தை விட்டால் இசையமைப்பாளரின் கணக்கு குலையாது. எந்த இடத்தில் தந்தி மாற்றினால் அந்தப் பாத்திரம் பாத்திரமாக நிற்கும். கிதார் வாசிக்காத ஒருவரின் படைப்பில் இந்தக் கேள்விகள் வரிக்கு வரி வரும். கார்ட்டர் விட்டுக்கொடுக்கும் மனிதராகத் தன் எழுத்தில் தெரிவதில்லை. அவருக்கு முன்னால் உட்கார்ந்து ‘இது முடியாது, ஆனால் இப்படி முடியும்’ என்று சொல்லி அவரை எழுத வைத்திருக்க வேண்டும். ‘முடியாது’ என்பதோடு நிறுத்தியிருந்தால் இன்னொரு ஃபிராங்க் மார்ட்டின் கதையாகியிருக்கும்.

முதல் தடவை கேட்பவர்களுக்கு ‘சேஞ்சஸ்’ பிடிக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். எனக்கே மூன்றாவது தடவைதான் காது திறந்தது. சுரங்களைத் துரத்தாமல் பாத்திரங்களைத் துரத்தினால் வழி கிடைக்கும்.

வரிசையாக வந்தவர்கள்

ஒரு பெரியவர் வந்துவிட்டால் மற்றவர்களுக்குத் தயக்கம் குறையும். அடுத்த வருடமே, 1984இல், மில்டன் பாபிட் ஸ்டாரோபினுக்காக ‘காம்பொசிஷன் ஃபார் கிதார்’ எழுதினார். பிரின்ஸ்டனில் கணிதமும் இசையும் சொல்லிக்கொடுத்தவர், சுரங்களையும் தாளத்தையும் ஒரே கணக்கில் அடக்கியவர். அத்தனை வறட்டுத் தலைப்புக்கு ‘ஷியர் பிளக்’ என்று இன்னொரு பெயரும் வைத்தார். பிளக் என்றால் தந்தியை மீட்டுவது. துணிச்சல் என்றும் பொருள். வாசிப்பவரைப் பார்த்துச் செய்த கிண்டலாகவே அதை எடுத்துக்கொள்ளலாம்.

மாரியோ தாவிதோவ்ஸ்கி அர்ஜென்டினாவில் பிறந்து நியூயார்க்கில் மின்னணு இசையில் பெயர் எடுத்தவர். நேரடியாக வாசிக்கும் கருவியும் முன்பே பதிவு செய்த மின்னணு ஒலியும் சேர்ந்து நடக்கும் ‘சிங்க்ரனிசம்ஸ்’ என்ற வரிசையை எழுதினார். அதில் ஆறாவதற்கு 1971இல் புலிட்சர் கிடைத்தது. பத்தாவது கிதாருக்கு, 1992இல். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலிக்கு முன்னால் கிதார் ஈடுகொடுக்க முடியாது என்பதுதான் இங்கே உடனடிச் சிக்கல். தாவிதோவ்ஸ்கி அதை எப்படிச் சமாளித்தார் தெரியுமா? நெடு நேரம் மின்னணு ஒலியே வராது. கிதார் தனியாகவே பேசும். கேட்பவரின் காது அந்தச் சின்ன ஒலிக்குப் பழகி, அதுதான் உலகம் என்று ஆன பிறகு மின்னணு ஒலி மெல்ல உள்ளே நுழையும். அப்போது அது கிதாரின் நிழல் நீண்டது போலத்தான் கேட்கிறது. இதைவிடப் புத்திசாலித்தனமான தீர்வு எனக்குத் தெரியாது.

ரோஜர் ரெனால்ட்ஸ், பால் லான்ஸ்கி என்று இன்னும் பலர். லான்ஸ்கி கணினி இசைக்காரர், கருவிகளுக்கு எழுதுவது பக்கம் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தவர். அவரும் 1998இல் ஒரு தொகுப்பு எழுதித் தந்தார்.

நாய்களுக்கு ஒரு தொகுப்பு

கார்ட்டரும் பாபிட்டும் நியூயார்க் அறிவாளிகள் என்றால், ஜார்ஜ் கிரம்ப் வேறு மண். மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டனில் பிறந்தவர். அப்பலேச்சிய மலைப்பகுதியின் பாட்டும் எதிரொலியும் அவர் இசையில் கடைசிவரை உண்டு. கணக்கைக் காட்டிக்கொள்ளாதவர். ஒரு சுரத்தை வைத்துவிட்டு அது அடங்கும்வரை காத்திருப்பவர். சட்டென்று தேயும் கிதாரின் ஒலி அவருக்குக் குறையாகவே படவில்லை. தேய்வதுதான் அவருடைய விஷயமே.

ஸ்டாரோபினுக்காக எழுதி 1994இல் இறுதி வடிவம் பெற்ற ‘குவெஸ்ட்’டில் கிதார்தான் நாயகன். கூட சொப்ரானோ சாக்சஃபோன், யாழ், பெரிய பாஸ், தாளவாத்தியங்கள். நடுவில் ‘அமேசிங் கிரேஸ்’ என்ற பழைய தேவாலயப் பாட்டு எங்கோ தூரத்து மலையிலிருந்து வருவது போல மிதந்து வரும்.

அதைவிட எனக்குப் பிடித்தது 1998இல் வந்த ‘முண்டுஸ் கானிஸ்’. லத்தீனில் ‘நாய் உலகம்’. கிதாரும் தாளவாத்தியமும் மட்டும். கிரம்ப் குடும்பம் பல வருடங்களில் வளர்த்த ஐந்து நாய்களுக்கு ஆளுக்கொரு சிறு படம்: டாமி, ஃப்ரிட்சி, ஹைடெல், எம்மா-ஜீன், யோடா. பூனைகளுக்கு இசையில் வேண்டிய அளவு இடம் கிடைத்துவிட்டது, நாய்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். கடைசிப் படமான யோடா ஓட்டமும் குறும்புமாகப் போய், ‘கெட்ட நாயே!’ என்ற அதட்டலில் முடிகிறது. பதிவில் தாளவாத்தியத்தை வாசித்தவர் கிரம்ப்தான். அப்போது அவர் எழுபதை எட்டிக்கொண்டிருந்தார்.

நவீன இசை என்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்று நினைக்கும் நண்பர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

தட்டு யார் கையில்

இதுவரை சொன்னது ஒரு நல்ல வாசிப்பாளரின் கதை. இப்படி வேறு சிலரும் இருந்திருக்கிறார்கள். ஸ்டாரோபினைத் தனியாக எடுத்து ஆராயக் காரணம் 1981. அந்த வருடம் அவரும் மனைவி பெக்கி ஸ்டாரோபினும் சேர்ந்து பிரிட்ஜ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நியூயார்க்கை ஒட்டிய நியூ ரோஷெலில் அதன் இருப்பிடம்.

புதிய படைப்பு ஒன்றின் வழக்கமான வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். எழுதப்படுகிறது, முதல் கச்சேரி நடக்கிறது, மறுநாள் செய்தித்தாளில் நாலு வரி வருகிறது. அவ்வளவுதான். இரண்டாவது கச்சேரி அபூர்வம். வேறு ஊரில் இருக்கும் கிதார் கலைஞர் அதைக் கேட்டிருக்கவே மாட்டார். இசைப்பிரதியைப் பார்த்தால் பயந்து மூடிவிடுவார். பெரிய நிறுவனம் தட்டு போட்டாலும், விற்கவில்லை என்றதும் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். எடுத்த பிறகு அந்த இசை இருந்ததற்கே தடயம் இல்லை.

தட்டு நிறுவனம் தன் கையில் இருந்தால் எதைப் போடுவது என்று கேட்க ஆளில்லை. பட்டியலை விட்டு எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ‘கிதாருடன் புதிய இசை’ என்ற பொருளில் பெயர் வைத்து ஸ்டாரோபின் ஒரு வரிசையாகவே தட்டுகள் வெளியிட்டார். கடினமான இசைப்பிரதிக்கு அருகில் ‘இது கையில் வரும், இப்படி ஒலிக்கும்’ என்று சொல்லும் ஒரு சாட்சி வந்துவிட்டது. அடுத்த தலைமுறை மாணவர் அதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தால் பாதிப் பயம் போய்விடும்.

அதோடு நிற்கவில்லை. கிதாருக்கு எழுதித் தந்தவர்களின் மற்ற இசையையும் பதிவு செய்யத் தொடங்கினார்கள். கார்ட்டருக்கு ஒரு வரிசை. கிரம்ப்பின் இசை முழுவதையும் கொண்டுவரும் நோக்கத்தோடு இன்னொரு வரிசை. அதில் ஒன்று ‘ஸ்டார்-சைல்ட்’: பெரிய இசைக்குழு, சொப்ரானோ பாடகி, சிறுவர் குரல்கள், பேசும் ஆண்கள் குழு, மணி அடிப்பவர்கள் என்று மேடை கொள்ளாத படை, வழிநடத்தவே ஒருவருக்கு மேல் ஆள் தேவை. வார்சா ஃபில்ஹார்மோனிக்கோடு செய்த அந்தப் பதிவால் 2001இல் கிரம்ப்புக்குச் சிறந்த சமகாலச் செவ்வியல் படைப்புக்கான கிராமி விருது கிடைத்தது. ஒரு கிதார் கலைஞர் தன் வாத்தியத்துக்காக ஆரம்பித்த கடை, கிதாரே முக்கியமில்லாத ஒரு பிரம்மாண்டத்துக்கு விருது வாங்கித் தந்தது. எழுதித் தந்தவருக்கு இதைவிடப் பெரிய கைம்மாறு என்ன செய்ய முடியும்?

கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடந்தது என்பதுதான் இந்த நிகழ்வின் உயிர்நாடி என்று நான் சொல்வேன். ‘எனக்கு ஒன்று எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டவர், ‘உங்கள் மற்றதையும் நான் காப்பாற்றுகிறேன்’ என்று செய்து காட்டினார். பெரியவர்கள் ஏன் ‘சரி’ என்றார்கள் என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இது.

கற்பித்தலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மன்ஹாட்டன் இசைப்பள்ளியில் கிதார் துறைக்குப் பல வருடம் பொறுப்பு வகித்தார். ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக்கல்வி நிறுவனத்தில் 2011இல் கிதார் துறை தொடங்கியபோது கிதார் கலைஞர் ஜேசன் வியோவோடு சேர்ந்து அதை அமைத்தார். அமெரிக்கக் கிதார் அமைப்பு தன் பெருமைமிகு கலைஞர்கள் வரிசையில் அவரைச் சேர்த்ததும் அதே வருடம்தான்.

கணக்கைப் பார்த்தால்

அவருக்காக எழுதப்பட்டவை முந்நூறுக்கு மேல் என்று சொல்வார்கள். இந்த எண் எனக்குக் கொஞ்சம் சங்கடம். முந்நூறில் எத்தனை அவர் கையை விட்டு வெளியே போய் உயிரோடு இருக்கிறது என்பதுதான் உண்மையான கணக்கு. ‘சேஞ்சஸ்’ இருக்கிறது, பல நாட்டு வாசிப்பாளர்கள் எடுத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ‘முண்டுஸ் கானிஸ்’ இருக்கிறது. தாவிதோவ்ஸ்கி இருக்கிறது. பாபிட்டை வாசிப்பவர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான். மிச்சத்தில் பெரும்பகுதியைக் கச்சேரி நிரல்களில் நான் பார்த்ததில்லை. ஆனால் செகோவியாவுக்கு எழுதப்பட்டதிலும் எல்லாம் நிற்கவில்லை. பத்து நிற்க நூறு வேண்டியிருக்கிறது போலும்.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். ஸ்டாரோபின் வாங்கிய அமெரிக்கா பெரும்பாலும் கிழக்குக் கரையின், கல்லூரி வட்டத்தின் அமெரிக்கா. அதே காலத்தில் சான்ஃபிரான்சிஸ்கோவில் டேவிட் தனென்பாம் முற்றிலும் வேறு அமெரிக்காவைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்ப வரும் வட்டங்களில் எழுதும் டெர்ரி ரைலி. சுருதியின் இயற்கைக் கணக்கைத் தேடிய லூ ஹாரிசன். ஹாரிசன் தன் கடைசிக் காலத்தில், சண்டிகரில் உடைசல்களை வைத்துச் சிற்பத் தோட்டம் கட்டிய நேக் சந்தை நினைத்து, ஃபிரெட்டுகளை இடம் மாற்றி அமைத்த எஃகு கிதாருக்கு ஒரு தொகுப்பு எழுதினார். 2002இல் அதை முதலில் வாசித்தவர் தனென்பாம். இந்தப் பக்கம் ஷேரன் இஸ்பின், கொரிலியானோ, ரௌஸ் போன்றவர்களிடம் இசைக்குழுவோடு வாசிக்கும் கான்செர்ட்டோக்களைக் கேட்டு வாங்கினார். அவை பெரிய அரங்குகளுக்குப் போயின. எலியட் ஃபிஸ்க் புல்லாங்குழலோடு சேர்ந்து வாசிக்க ராபர்ட் பீசரிடம் மலைநாட்டுப் பாடல்களை வாங்கினார். சராசரிக் கேட்பவருக்கு ‘சேஞ்சஸ்’ஸைவிட அது சீக்கிரம் பிடித்துவிடும். இவர்கள் எல்லோரும் இல்லாமல் ஸ்டாரோபினை மட்டும் வைத்து ‘அமெரிக்கக் கிதார்’ என்று பேசினால் அது அரைப் படம்தான்.

நாட்டு எல்லைக்குள்ளும் அவர் நிற்கவில்லை. டென்மார்க்கின் பவுல் ரூடர்ஸோடு நீண்ட நட்பு. கான்செர்ட்டோக்கள் உட்பட நிறையப் படைப்புகள். 2019இல் சாந்தா ஃபே ஆப்பெராவில் அரங்கேறிய ரூடர்ஸின் ‘தி தர்ட்டீன்த் சைல்ட்’ ஆப்பெராவுக்குப் பாடல் வரிகள் எழுதியவர்கள் பெக்கியும் டேவிட்டும். கிதாரிலிருந்து தொடங்கிய நட்பு ஆப்பெரா மேடைவரை போனதைப் பார்த்தால் ‘அமெரிக்க இசைக்காகப் போராடியவர்’ என்ற முத்திரையே கொஞ்சம் சின்னதாகப் படுகிறது. தன் காலத்தில் உயிரோடு இருக்கும் ஆட்களின் இசையைத்தான் அவர் விரும்பினார். அவர்களில் பலர் பக்கத்துத் தெருக்காரர்கள், அவ்வளவுதான்.

கார்ட்டர் மறுபடியும் அவருக்கு எழுதினார். 1997இல், தொண்ணூறை நெருங்கும்போது, சில நிமிடமே ஓடும் ‘ஷார்ட்’. உடைந்த பாத்திரத்தின் சில்லு என்று அர்த்தம். எழுதிய கையோடு அந்தச் சில்லை எடுத்து, ஆம்ஸ்டர்டாமின் நியூ ஆன்சாம்பிள் என்ற குழுவுக்காக அதே வருடம் எழுதிய ‘லுய்மன்’னுக்குள் பதித்துவிட்டார். ட்ரம்பெட், ட்ரொம்போன், மண்டலின், யாழ், வைப்ரஃபோன், கிதார் என்று விசித்திரமான ஆறு வாத்தியக் கூட்டம். நடுவில் ஓரிடத்தில் கிதார் தன் பேச்சை எடுத்துக்கொள்கிறது. ஸ்டாரோபினுக்காக வடித்த அதே சுரங்கள், வேறு யாரோ ஒருவருடைய விரல்களில்.